பனிக்காட்டுக்கு நாங்கள் வரவில்லை

அன்பு மகன் செந்திலுக்கு, அம்மா எழுதுவது.

நீ நலமாக இருக்கிறாய் என்பது போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே தெரிந்துவிட்டது. கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. நான் நலமாக இருக்கிறேன் என்பது இந்தக் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். போன் இருக்கும்போது இதென்ன பழைய வழக்கம் என்று கேட்காதே. போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் உன் அப்பா பின்னாலிருந்து வேறொன்றை முடித்துவைக்கிறார். கரண்டு போனால் வைஃபையும் போய், வாய் திறந்தபடி உன் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் நீ கற்றுக்கொண்ட தமிழுக்கு இதை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம்தான், அதனால் நல்லதே. முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். என் மருமகள் தன்டாருக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில் அவளைப் பற்றியும் கொஞ்சம் எழுதப்போகிறேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தைப் பதிவு செய்த நாளிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறீர்கள் என்று பெயர்தானே தவிர, சேர்ந்து இருந்த நேரம் குறைவு. நீ காலையில் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது அவள் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள். நீ திரும்பி வரும்போது அவள் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள். வாசலில் பார்த்துச் சிரித்துக்கொள்வதுதான் உங்கள் குடும்பம். இப்போது எப்படியோ இருவருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைத்து, ஜப்பானின் வடகோடியில், கடலே உறைந்து பனிக்கட்டியாக மிதந்து வரும் இடத்தில், காட்டுக்குள் ஒரு மரவீட்டைப் பிடித்திருக்கிறீர்கள். விறகு அடுப்பு, ஜன்னலுக்கு வெளியே மான், போனுக்கு சிக்னல் கிடையாது, கரடிகள் தூங்குகிற மாதம் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். சின்ன வயதில் இங்கே ரங்கூனில், பசுந்தாங் கால்வாயில் பெரிய படகு வந்தால் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி ஓடிவந்து சொல்வாயே, அதே குரல். அந்த உற்சாகத்திலேயே ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டாய். "நீங்களும் வாங்களேன்மா. விசாவுக்கு நான் எழுதித் தர்றேன். நாலு பேரா போலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "வர்றோம்டா!" என்றுவிட்டார். உனக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த தன்டார் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "யா பா தே, அமே" என்று பர்மியத்தில் சொன்னாள். பரவாயில்லை அம்மா, வாங்க என்கிறாள் என்றுதான் நீ எடுத்துக்கொண்டிருப்பாய். செந்தில், அந்த 'யா பா தே'யை எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் தமிழில் சொல்லியிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால், இதே வீட்டு அடுப்படியில், "சரிங்க" என்று சொன்னேன். அதில் சரி என்று எதுவுமே இல்லை.

அந்தக் கதையில் பாதி உனக்குத் தெரியும். இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு இந்தோஜி ஏரிக்குப் போன கதை என்று நம் வீட்டில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பில்லாத பாதியை யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம். கூட்டுக் குடும்பம், இரண்டு அறை, நடுவில் ஒரு திரை. உன் அப்பாவோடு நான் பேசியதெல்லாம் குழம்புக்கு உப்பு போதுமா, வேலைக்கு லேட்டாகுமா என்கிற மாதிரிதான். அவர் அப்போது ரயில்வே வொர்க்ஷாப்பில் இருந்தார், வருடத்துக்கு ஒருமுறை பாஸ் கிடைக்கும். ஒரு நாள் நான் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது மேலே வந்து, யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, "வடக்க ஒரு ஏரி இருக்காம். காடும் மலையுமா இருக்குமாம். கடல் மாதிரி இருக்குமாம். நம்ம ரெண்டு பேரும் போயிட்டு வருவோமா?" என்றார். ரெண்டு பேரும் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது வடக்கே சண்டை ஓய்ந்திருந்த காலம், போக முடிந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. அவரிடம் ஸ்வெட்டர் இல்லை என்று உல்லன் நூல் வாங்கி, மற்றவர்கள் தூங்கும் மத்தியான நேரத்தில் பின்னினேன். அப்புறம்தான் நம் ஜனங்களுக்கே உரிய அந்தத் தப்பு நடந்தது. வெளியூர் போவதென்றால் நாம் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டுதான் போவோம். சொல்லாமல் போனால் ஜென்மத்துக்கும் குறை. சொல்லும்போது வாய் நிறைய, "நீங்களும் வர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும். சாப்பிட உட்காரும்போது வாசலில் ஆள் வந்தால், "வாங்க, சாப்பிடலாம்" என்போமே, அப்படி. "நல்லது, நீங்க சாப்பிடுங்க" என்று எதிராளி சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. உன் அப்பா உன் பெரியத்தை வீட்டுக்குப் போய், "ஏரிக்குப் போறோம்க்கா, நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டார். பெரியத்தை, "என்ன தம்பி இப்படிக் கேட்டுட்ட? வராம இருப்போமா?" என்றுவிட்டாள். அவள் வந்தால் அவள் மாமியார் வீட்டில் இரண்டு பேர், அவர்களை அழைத்துவிட்டு மற்றவர்களை விட்டால் பொல்லாப்பு என்று ஆள் சேர்ந்து, ரயில் ஏறும்போது நாங்கள் பதினொரு பேர். அடுப்படிக்கு வந்து உன் அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சொன்னபோதுதான் நான் "சரிங்க" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று வெங்காயம் உரித்தேன். நல்லவேளை, வெங்காயம் இருந்தது.

மண்டலே போய், வண்டி மாறி, வடக்கே ஹோப்பின் வரைக்கும் மரப்பெஞ்சில் உட்கார்ந்து போனோம். பெரியத்தை மடியில் இட்லிக் கொப்பரை, காலடியில் மாவுத் தூக்கு. குளிரில் மாவு புளிக்கவில்லை என்று அந்தத் தூக்கை என் ஸ்வெட்டரால் சுற்றி வைத்தாள், உன் அப்பாவுக்காகப் பின்னினேனே, அதே ஸ்வெட்டர். ஹோப்பினில் இறங்கி, லாரியில் மலை ஏறி இறங்கினால் ஏரி. எனக்கு எத்தனை ஆத்திரம் இருந்ததோ, அந்த ஏரியைப் பார்த்ததும் ஒரு நிமிடம் எல்லாம் போய்விட்டது. பெரியத்தை லாரியிலிருந்து இறங்கி, "இம்புட்டுத் தண்ணியா!" என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். பாவம், அவளும் ரங்கூனைத் தாண்டியதில்லை. தன்லியினுக்குப் பாலத்தைக் கடந்து போவதே அவளுக்கு யாத்திரை. 'நீயும் வர்றியா' என்று அதற்கு முன் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால்தான் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அந்தப் பக்குவம் இல்லை. பதினொரு பேருக்கு விறகு அடுப்பு ஊதி, பரிமாறி, எல்லாரும் எழுந்த பிறகு ஆறிப்போன சோற்றை உட்கார்ந்து தின்றேன். வீட்டில் செய்ததைத்தான் காட்டிலும் செய்தேன், புகை மட்டும் கூடுதல்.

கடைசி நாள் காலையில் ஏரியில் படகில் போகலாம் என்று உன் அப்பா என்னைக் கூப்பிட்டார். கூடவே பெரியத்தையும் மற்றவர்களும் கிளம்பிவிட்டார்கள். கரையில் ஷான் இனத்துக் கிழவர் ஒருவர், ஒற்றை மரப் படகோடு நின்றார். "ரெண்டு பேர்தான். அதுக்கு மேல ஏறினா படகு முழுகும்" என்று பர்மியத்தில் சொன்னார். பெரியத்தை விடுவாளா? "பத்து மூட்டை நெல்லு ஏத்துற படகு, நான் ஏறினா முழுகுமா?" என்று சண்டைக்குப் போனாள். உன் அப்பாவும் அவளோடு சேர்ந்துகொண்டு, "ஊ, பெரியவரே, எங்க அக்கா மட்டும் ஏறட்டுமே, பார்த்து ஓட்டுங்களேன்" என்று கெஞ்ச ஆரம்பித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். இந்த மனுஷனுக்கு ஒரு படகில்கூட என்னைத் தனியாகக் கூட்டிப்போகத் துப்பில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளையாகக் கிழவர் மசியவில்லை. உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம்.

கொஞ்ச தூரம் போனதும் பனிமூட்டம் கரையை மறைத்துவிட்டது. "தம்பி, சால்வையை இழுத்துப் போர்த்திக்கடா" என்று பெரியத்தை கத்தியது மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. கிழவர் எனக்குப் பின்னால் துடுப்புப் போட்டார். எதிரே உன் அப்பா. நீரில் எங்கேயோ வாத்துக்கூட்டம் சத்தம் போட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. நான் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசிப் பழக்கமில்லையே. அப்புறம் அவர், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். புடவையா நகையா என்று கேட்பது மாதிரி இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "சூடா சாப்பிடணும்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகி அழுதேன். அவர் சிரிக்கவில்லை. நம் வீட்டில் நான் தட்டோடு வந்து உட்காரும் வரை உன் அப்பா சோற்றில் கை வைக்க மாட்டார், நீ பசியில் எத்தனையோ தடவை சிணுங்கியிருக்கிறாய். அது எந்த சாஸ்திரமும் இல்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான், இன்றுவரை ஒரு வேளை தவறியதில்லை. திரையடித்த அறையில் இருந்திருந்தால் அதை நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் வரவில்லை என்று? எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. மூன்று வருடமாக உன்னைக் கண்ணாடிக்குள்தான் பார்க்கிறேன். உன் தலையைத் தொட்டு, முடி கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நீ சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பனி விழுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று எனக்குப் பேராசை. வீடியோ முடிந்ததும் உன் அப்பா போய், தெருவோரத்தில் குவித்து விற்கிற பழைய துணியில் ஒரு கோட்டைத் தேடி வாங்கி வந்துவிட்டார். இந்தப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். கீழே மொகிங்கா நூடுல்ஸ் விற்கிற கடைக்காரி மா ஏ, "ஊ, உங்க வீட்டுல மட்டும் பனி பெய்யுதா?" என்று கேட்டுச் சிரித்தாள். நேற்று உன் அப்பா இன்னொன்றும் சொன்னார்: "நாம மட்டும் போனா நல்லாவா இருக்கும்? தன்லியினுக்குப் போயி தன்டாரோட அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்." எனக்கு அப்படியே அந்த இட்லிக் கொப்பரை கண் முன்னால் வந்து நின்றது. அவர் போய் ஒரு வார்த்தை கேட்டால் அந்தம்மா வருவார், அவர் வந்தால் அவர் தங்கை வருவார். உங்கள் மரவீட்டில் தன்டார் பதினொரு பேருக்கு அடுப்பு ஊதுவாள்.

அதனால் நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள். போகிற இடத்தில் அவளை எழுப்பாதே. இரவெல்லாம் முதியவர்களைத் தூக்கிப் படுக்கவைக்கிறவள், முதல் இரண்டு நாள் தூங்கித்தான் தீர்ப்பாள். வாடகை வீணாகிறதே, மானைப் பார்க்கவில்லையே, உறைந்த கடலைப் பார்க்கவில்லையே என்று நச்சரிக்காதே. மான் எங்கும் போகாது. நீ முதலில் எழுந்து அடுப்பை மூட்டி, சோறு வடித்து வை. வறுத்த இறால் பலாச்சாங் ஒரு டப்பா இங்கிருந்து ஆள் வசம் அனுப்புகிறேன், அவளுக்கு அது இருந்தால் வேறெதுவும் வேண்டாம். பனியில் நடக்கும் செருப்பை அவள் காலுக்குப் போட்டுப் பார்த்து வாங்கு, நீயாக அளவைச் சொல்லி வாங்கிவிடாதே. மூன்றாவது நாள் எப்படியும் சண்டை வரும். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் அத்தனை நேரம் ஒரே அறையில் இருந்ததே இல்லை, வராமல் என்ன செய்யும்? கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாத குளிர் என்பது ஒரு வரம். உள்ளேயே இரு. சிக்னல் இல்லையே, அம்மா கவலைப்படுவாளே என்று மலைமேல் ஏறிப் போனைத் தூக்கிப் பிடிக்காதே. நான் கவலைப்படுவேன்தான், பட்டுக்கொண்டு போகிறேன். அவளிடம் ஒரு நாள், உனக்கு என்ன வேண்டும் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள், அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும். அதற்குத்தான் இத்தனை தூரம் போகிறீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, உன் அப்பாவிடம் காட்டாமல் அனுப்ப மனம் வரவில்லை. கோட்டு வாங்கிய மனுஷனுக்குத் தெரியாமல் பயணத்தை நிறுத்துவது நியாயமில்லை. கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் படித்தார். பெரியத்தை வந்த இடத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். போன வருடம் அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. படகு வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத்தன வருஷமா நீ என்ன நெனச்சுக்கிட்டு இருந்த? அந்தப் படகு நெஜமாவே முழுகிடும்னா?"

"அவர்தானே சொன்னாரு?"

"சொல்லச் சொன்னதே நான்தான். மொத நாள் சாயங்காலமே போய் அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லி வச்சேன். நாளைக்கு யாரு வந்தாலும் ரெண்டு பேருக்கு மேல தாங்காதுன்னு சொல்லுங்க. அக்காவைப் பார்த்தா என் மனசு கேக்காது, நானே வந்து கெஞ்சினாலும் கெஞ்சுவேன். நான் கேட்டாலும் ஏத்தாதீங்கன்னு."

"இதை ஏன் இத்தன நாளா சொல்லல?" என்று கேட்டேன். "உன்கிட்டச் சொன்னா நீ என்னைக்காவது ஒரு கோவத்துல அக்காகிட்டச் சொல்லிருவ. அக்கா மனசு கஷ்டப்படும்" என்றார். பார்த்தாயா, அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு படகில் தனியாகக் கூட்டிப்போகத் துப்பில்லாத மனுஷன் என்று முப்பது வருடம் நான் மனதுக்குள் வைத்திருந்த குறை ஒரு நிமிடத்தில் போய்விட்டது. போனது சந்தோஷம்தான். அதைச் சொல்லிக்காட்டி இனிமேல் சண்டை போட முடியாதே என்பது மட்டும்தான் வருத்தம்.

பிறகு அவர் கோட்டைக் கழற்றினார். பைகளைத் தட்டிப் பார்த்து, ஒழுங்காக மடித்து, உன் பழைய அலமாரியில் வைத்தார். "அவங்க போயிட்டு வரட்டும். வெயில் காலத்துல நம்ம அவன் வீட்டுக்குப் போலாம், அப்ப கோட்டு எதுக்கு?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பனிய இன்னொரு வருஷம் பார்க்கலாம்" என்றும் சொன்னார். அப்புறம் ஜன்னலோரமே கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கும் உன்னைப் பார்க்க எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். தன்லியினுக்குப் போகவில்லை.

அவர் சொல்லச் சொன்னதை எழுதி முடிக்கிறேன். நாளைக்கோ நாளன்றைக்கோ மனசு கேட்காமல் அவரே போன் செய்து, "நாங்களும் வரட்டுமாடா?" என்று கேட்பாராம். எனக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை, நானும் கேட்பேன். அழுதுகொண்டுகூடக் கேட்பேன். நீ மசியாதே. அந்த வீடு ரெண்டு பேருக்கு மேல் தாங்காது, முழுகிவிடும் என்று சொல்லிவிடு.

அம்மா